கிழமைக்கு ஒரு பெயர்

1

குமாசிக்கு நாங்கள் வந்து இந்த ஆவணியோடு பத்து வருடம் முடிகிறது. கானா நாட்டின் இரண்டாவது பெரிய ஊர் இது. என் கணவர் சண்முகம் இங்கே ஒரு மர அறுவை மில்லில் மெக்கானிக். நான் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஆறரை மணிக்குச் செம்மண் பறக்கும் சாலையில் வேனைப் பிடித்தால் ஏழு மணிக்கு வார்டில் இருப்பேன். பத்து வருடமாக இதுதான்.

இந்தப் பத்து வருடத்தில் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி, ஊர் எது என்பதல்ல. நெற்றியில் பொட்டு எதற்கு என்பதும் அல்ல. "நீ எந்தக் கிழமை பிறந்தாய்?" என்பதுதான்.

இங்குள்ள அக்கான் மக்களுக்குப் பிறந்த கிழமைதான் முதல் பெயர். திங்கட்கிழமை பிறந்த பெண் அஜுவா. செவ்வாய் அபெனா. புதன் அகுவா. இப்படி ஏழு கிழமைக்கும் பெண்ணுக்கு ஒன்று, ஆணுக்கு ஒன்று. அப்பா யோசித்து வைக்கும் பெயர் எட்டாம் நாள் சடங்கில்தான் வரும். கிழமைப் பெயர் அதற்காகக் காத்திருப்பதில்லை. பிள்ளை வெளியே வந்து அழும்போதே அதுவும் கூடவே வந்துவிடுகிறது. அதை உயிரின் பெயர் என்பார்கள். எங்கள் வார்டில் பிள்ளையின் கையில் கட்டும் துணிப்பட்டையில் தாயின் பெயரை எழுதி, பக்கத்தில் கிழமைப் பெயரையும் எழுதுவேன். பிறந்து அரை மணி நேரம்கூட ஆகாத உருண்டை முகத்தைப் பார்த்து ஆயாக்கள் பெயர் சொல்லிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி. வந்த புதிதில் மில் டிரைவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று நெஞ்சைத் தொட்டு "கோஃபி" என்றார். காப்பி கேட்கிறார் என்று நினைத்து அடுப்பைப் பற்றவைத்தேன். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பிறந்தவளுக்கு வேறு எது காதில் விழும்? அவரும் மறுக்காமல் குடித்துவிட்டுத்தான் போனார்.

சரி, என் கிழமை? எனக்குத் தெரியாது. இங்கே தங்குவதற்கான அனுமதிச் சீட்டுக்காக ஓர் அரசு அலுவலகத்தில் நின்றபோது அங்கிருந்த குமாஸ்தாவும் இதைக் கேட்டார். தெரியாது என்றதும், ஏதோ உடல் உபாதையைக் கேள்விப்பட்டவர் போல முகம் வாடிவிட்டார். "கவலைப்படாதே" என்று என் பாஸ்போர்ட்டை எடுத்து, மேசைக்குள்ளிருந்து பழைய காலண்டர் அட்டவணை ஒன்றைக் கொண்டுவந்து, விரலால் கோடு பிடித்துப் பார்த்தார். 1960, ஜூன் ஒன்று. "புதன்! நீ அகுவா!" வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியிலும் சந்தையிலும் நான் சிஸ்டர் அகுவா.

நான் சிரித்தபடி ஏற்றுக்கொண்டேன். அந்தத் தேதியே பொய் என்று அந்த நல்ல மனிதரிடம் எப்படிச் சொல்வது?

2

நான் பிறந்தது கிளியூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் லைன் வீட்டில். ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் வரிசையாகப் பத்துக் குடும்பங்கள். அப்பா பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் கொட்டகையில் வேலை செய்தார். அம்மா பாவாயி பழம் பறிக்கப் போவார். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கினார் என்றால் இரண்டு செடி தாண்டியதும் ஆள் தெரியாது. கிளை வளையும் சத்தத்தை வைத்துத்தான் அம்மா எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பேன்.

கோடை மழை ஒன்று பெய்து பத்தாம் நாள் காப்பி பூக்கும். மூன்றே நாள்தான். மலைச்சரிவு முழுக்க வெள்ளையாகி, மல்லிகையும் பச்சைத் தேங்காயும் கலந்த மாதிரி ஒரு வாசம் வீட்டுக்குள் வந்து துணியிலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். இங்கே ஜனவரியில் பாலைவனக் காற்று வந்து புழுதி மூடி, எதிர்வீடு மங்கலாகத் தெரியும்போது, ஒரு கணம் எனக்கு அது ஏற்காட்டுப் பனிதான். பிறகு வாயில் மண் கடிபடும்.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, பெயர் வைக்கும் முன்னே போய்விட்டார்கள். மூன்றாவதாக நான். சாவை ஏமாற்ற என்ன செய்வார்கள் என்று படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னை முறத்தில் போட்டு லைன் கோடியில் இருந்த குப்பைமேட்டில் வைத்தார்கள். பக்கத்து வீட்டு மாரியக்கா அந்த வழியாக வருவது போல் வந்து, "ஐயோ, ஆரோ புள்ளையக் குப்பையில போட்டுட்டுப் போய்ட்டாங்களே" என்று எடுத்துக்கொண்டார். அம்மா ஒரு முறம் தவிடு கொடுத்து என்னை அவரிடம் வாங்கினார். குப்பையில் கிடந்ததால் குப்பாயி.

லைனில் அந்தப் பெயரால் ஒரு குறையும் இல்லை. ஏற்காடு டவுனில் பள்ளிக்குப் போனதும்தான் வந்தது வினை. எஸ்டேட் ரைட்டர், கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளெல்லாம் சாந்தி, கலா, விஜயா. நான் குப்பாயி. வகுப்பைக் கூட்ட ஆள் வேண்டும் என்றால் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். "குப்பையே குப்பையைக் கூட்டுது" என்று ஒருத்தி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது டீச்சர் அப்பாவிடம், "இந்தப் பேரையே எழுதட்டுங்களா? மாத்தணும்னா இப்பவே சொல்லிருங்க" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்த பெயரைச் சொன்னேன். குணவதி. பிறந்த தேதி கேட்டதற்கு அப்பா, "காப்பி பூத்திருந்துச்சுங்க" என்றார். அதை எழுதக் கட்டம் கிடையாது. டீச்சரே ஜூன் ஒன்று என்று போட்டுக்கொண்டார். என்னோடு சேர்ந்த பாதிப் பேருக்கு அதே பிறந்தநாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா, "நல்ல பேருதான்" என்றார். ஆனால் அன்று மாலையே, "குப்பாயி, தண்ணி கொண்டா சாமி" என்று கூப்பிட்டார். அவர் என்னைக் குணவதி என்று அழைத்ததே இல்லை.

3

சேலத்தில் நர்ஸ் படிப்பு முடித்து இரண்டு வருடம் வேலை பார்த்தபின் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் சேலம் டவுன்காரர்கள். மணவறையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா பின்னால் வந்து குனிந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "குப்பாயி, பூவு சரிஞ்சிருக்குது பாரு கண்ணு" என்றார்.

மாப்பிள்ளையின் அத்தை ஒருவர், "குப்பாயியா? பத்திரிகையில வேற பேரு போட்டிருந்துச்சே!" என்று சிரித்தார். அவர் சிரிக்க, அந்த வரிசையே சிரித்தது. பெரிய கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு ஆறாம் வகுப்புக்கு முந்தைய எல்லா வருடங்களும் ஒன்றாக வந்து நெஞ்சில் ஏறின.

தாலி கட்டி முடிந்ததும் அம்மாவைச் சமையல் பந்தலுக்குப் பின்னால் அழைத்துப் போய்ச் சொன்னேன். "இனிமே அந்தப் பேரச் சொல்லி என்னக் கூப்புடாத. கூப்புட்டீன்னா உன்ற ஊட்டு வாசல மிதிக்க மாட்டேன்."

அம்மாவின் கையில் எனக்காகக் கொண்டுவந்த பால் டம்ளர் இருந்தது. "செரி கண்ணு" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர் என்னை எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை. "இங்க பாரு", "ஏங்கண்ணு", "வந்துட்டியா சாமி", இவைதான். குமாசிக்கு வந்த கடிதங்களை எஸ்டேட் ரைட்டர்தான் அவருக்காக எழுதினார். எல்லாக் கடிதங்களும் "அன்புள்ள மகளுக்கு" என்றே தொடங்கின. அது எல்லாரும் எழுதுவதுதானே என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்பா இறந்தபோது வந்த கடிதமும் அப்படித்தான் தொடங்கியது. போய்ச் சேர முடியாத தூரத்தில் உட்கார்ந்து அதைப் படித்தேன்.

4

எங்கள் மகள் மீனா இங்கே ஒரு திங்கட்கிழமை பிறந்தாள். எட்டாம் நாள் அதிகாலையில் அண்டை வீட்டார் எங்களைக் கேட்காமலே வெள்ளை உடுத்தி வந்துவிட்டார்கள். பெரியவர் ஒருவர் பிள்ளையை மடியில் வைத்து, நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு, தண்ணீரைத் தண்ணீர் என்று சொல் என்றார். பிறகு ஒரு சொட்டு மது; மதுவை மது என்று சொல். உண்மை பேசி வாழ வேண்டும் என்பதற்காம். சண்முகம் மீனா என்றார். அவர்கள் "அஜுவா மீனா" என்று திருப்பிச் சொன்னார்கள்.

இப்போது மீனா என்று இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவாள். அஜுவா என்றால் தெருக்கோடியிலிருந்தும் பதில் வரும். வேர்க்கடலைக் குழம்பில் இடித்த கிழங்கு உருண்டையைத் தொட்டு விழுங்குவாள். நான் சுடும் தோசையை மடித்து ஓரமாக வைப்பாள். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பாள். கனவில் உளறுவது இந்த ஊரின் ட்வி மொழியில்தான். நான் திட்டுவதில்லை. ஊரை விட்டு வந்தது நான். அவள் எங்கும் போகவில்லை, அவள் ஊரில்தான் இருக்கிறாள்.

சென்ற வருடம் பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் கிழமைப் பெயர் எழுத வேண்டும்.

"மம்மி, நீ அகுவாதானே?"

பிள்ளையிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. "அது டீச்சர் போட்ட தேதி. எனக்கு என் கிழமை தெரியாது, கண்ணு."

"உங்க அம்மாவுக்குத் தெரியாதா?"

"கேட்டதில்லை."

"ஏன்?" என்றாள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. பென்சிலால் என் பெயருக்குக் கீழே ஒரு கோடு மட்டும் போட்டு இடம் விட்டுவைத்தாள்.

5

அதற்கு அடுத்த வாரம் வார்டில் ஒரு பிரசவம். அந்தப் பெண்ணுக்கு முன்பு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. இது மூன்றாவது. ஆண் பிள்ளை, நல்ல எடை, நல்ல அழுகை. ஆனால் தாய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு பிள்ளையைத் தொட மறுத்தாள். தொட்டால் போய்விடும் என்ற பயம்.

எங்கள் வார்டு பொறுப்பாளரான பெரிய சிஸ்டர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியே அஞ்சும் பெண்மணி. டாக்டர்கள்கூட அவர் முன் குரலைத் தாழ்த்துவார்கள். அவர் பெயர் சுமினா. நான் ஒன்பது வருடமாக அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன், பொருள் கேட்டதில்லை. அவர் அந்தப் பெண்ணின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். தன் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் அவள் இந்தப் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். பிள்ளையை நான்தான் கொடுத்தேன்.

வெளியே வந்ததும் கேட்டேன், "என்ன சொன்னீர்கள்?"

"என் பெயரை இவனுக்கு வை என்றேன்."

"அதற்கு என்ன பொருள்?"

"குப்பைமேடு" என்றார் சாதாரணமாக. "எனக்கு முன்னால் போனவர்கள் மூன்று பேர். என்னைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் வைத்து எடுத்தார்கள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று சாவு ஏமாந்து போகட்டும் என்று."

நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

"சிஸ்டர், உங்களுக்கு இந்தப் பெயர் வெட்கமாக இல்லையா?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "எதற்கு வெட்கம்? போகாதே, போகாதே என்று என் அம்மா என்னைக் கெஞ்சியது இது. தினமும் நூறு பேர் அதைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்."

அங்கேயே, மருந்து அலமாரிக்கு முன்னால், முப்பத்து நான்கு வயதில், என் பெயரை முதன்முறையாக நானே ஒருவரிடம் சொன்னேன். குப்பாயி. அது என்ன, எப்படி வந்தது, முறம், தவிடு, மாரியக்கா, எல்லாம். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தார். அங்கேயும் இப்படியா, அங்கேயும் இப்படியா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு, "உன் அம்மா உன்னை எப்படிக் கூப்பிடுவார்?" என்றார்.

"கூப்பிடுவதில்லை. கூப்பிடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்."

அவர் சிரிப்பு நின்றது. "என் அம்மா இப்போது இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வார்டுக்குள் போனார்.

அன்று மாலையே சண்முகத்திடம் டிசம்பரில் ஊருக்குப் போக வேண்டும் என்றேன். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. மீனாவை மட்டும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

6

மழையில் பெரிய பாதையில் மண் சரிந்திருந்ததால் சேலத்திலிருந்து பஸ் குப்பனூர் வழியாக ஏறியது. மீனா ஜன்னலில் பலகையைக் கூட்டிப் படித்தாள். "குப்ப...னூர். மம்மி, உன்னோட ஊரா?" வரும் வழியில் என் பெயரின் கதையை அவளுக்குச் சொல்லியிருந்தேன். கண்டக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அம்மா பஸ் நிலையத்திற்கே வந்து நின்றிருந்தார். இளைத்திருந்தார். மீனாவின் கன்னத்தை வழித்து, "வந்துட்டீங்களா சாமி" என்றார். என்னைப் பார்த்து, "நொம்பக் கறுத்துட்ட கண்ணு" என்றார். கேட்க வந்ததை நான் அன்று கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. லைன் வீட்டில் உட்கார்ந்து அவர் கையால் களியும் கீரையும் சாப்பிட்டேன். மீனா உரலைக் கண்டதும் கிழங்கு இடிக்கலாமா என்று கேட்டு உலக்கையைத் தூக்கினாள். குமாசியில் எல்லா வீட்டு வாசலிலும் கேட்கும் அதே சத்தம் அம்மாவின் வாசலில் கேட்டது.

மூன்றாம் நாள் தாலுகா அலுவலகத்துக்குப் போனோம். குமாசியில் அனுமதியைப் புதுப்பிக்க இந்த முறை பிறப்புச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். அம்மாவும் சாட்சிக்கு வந்தார். குமாஸ்தா பழைய பதிவேடு ஒன்றைத் தூசி தட்டி விரித்தார்.

"பேருங்க?"

அம்மா என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னேன், "குப்பாயிங்க. அப்பறம் பள்ளிக்கூடத்துல குணவதின்னு மாத்துனோம்."

அம்மா திரும்பிப் பார்த்தது தெரிந்தது. நான் திரும்பவில்லை.

குமாஸ்தா இரண்டு வருடப் பக்கங்களைப் புரட்டினார். அந்த எஸ்டேட்டின் பிறப்புகளே அதில் ஏறவில்லை. "பதிவில்லைன்னு ஒரு சான்று தாரனுங்க, அத வெச்சுக்கலாம். தேதியாச்சும் தெரியுங்களா?"

"ஜூன் ஒன்று" என்று நான் தொடங்கியபோது அம்மா குறுக்கிட்டார்.

"அதில்லீங்க. செவ்வாக்கெழம. காப்பி பூத்து ரெண்டாம் நாளு. பொழுது கெளம்பற நேரம்."

"கெழம வேண்டாங்கம்மா, தேதிதான் வேணும்."

"தேதி எனக்கெதுக்குங்க? உங்களுக்குத்தான் வேணும்" என்றார் அம்மா.

மீனா பெஞ்சிலிருந்து குதித்தாள். "செவ்வாய்னா டியூஸ்டே! மம்மி, நீ அபெனா! அகுவா இல்ல, அபெனா!"

"என்னம்மோ சொல்லுதே புள்ள?" என்றார் அம்மா. வெளியே மர நிழலில் உட்கார்ந்து நான் விளக்கினேன். அந்த ஊரில் பிறந்த கிழமைக்குப் பெயர் உண்டு, யாரும் வைக்க வேண்டியதில்லை, பிறக்கும்போதே பிள்ளையோடு வந்துவிடும் என்று. அம்மா கவனமாகக் கேட்டார்.

"பேரு வெக்கறதுக்குள்ள புள்ள போயிருச்சுன்னா?"

"அப்பவும் அந்தப் பேரு இருக்கும்மா. பொறந்தாலே போதும்."

அம்மா மீனாவின் பக்கம் திரும்பினார். அவளிடம், என்னிடம் அல்ல, "பெரியவ சனிக்கெழம பொறந்தா சாமி. அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் பழம் பறிச்சேன். சின்னவன் வியாழக்கெழம" என்றார்.

முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் அவருக்குக் கிழமை தெரிந்திருந்தது. நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பெரியவள், சின்னவன் என்று அவர் சொல்லி நான் கேட்டதும் அன்றுதான். அதுவரை அவர்கள் எனக்கு வெறும் "முன்னால போனது ரெண்டு".

மீனா விரல் விட்டாள். "சனின்னா பொண்ணுக்கு அமா. வியாழன்னா பையனுக்கு யாவ்."

"அம்மாவா?"

"அம்மா இல்ல அம்மாயி, அ-மா" என்றாள் பாட்டியிடம்.

"அமா" என்றார் அம்மா. "அவன்?"

"யாவ்."

"யாவு."

கிளியூருக்குத் திரும்ப எஸ்டேட் வழியாக நடந்தோம். பழம் சிவந்து பறிப்பு நடந்துகொண்டிருந்தது. மீனா ஒன்றைப் பறித்துச் சப்பிப் பார்த்து, இனிக்கிறது என்றாள். அவளை முன்னால் ஓட விட்டு, அம்மா கேட்டார், "என்னத்துக்கு அங்க போயி அந்தப் பேரச் சொன்ன?"

"அதுதானம்மா எம்பேரு."

"அது வேல முடிஞ்ச பேரு கண்ணு. நீ பொழச்சு நின்னுட்ட. அப்பறம் அது எதுக்கு?"

"கல்யாணத்தன்னிக்கு நான் பேசுனது..."

"வலிச்சுது" என்றார், நடையை நிறுத்தாமல். "நொம்ப வலிச்சுது. உன்ற அப்பங்கிட்டச் சொல்லிச் சொல்லி அழுவேன். குணவதின்னு கூப்புட்டுப் பாத்தேன், தனியா இருக்கறப்போ. வாயில வரல. ஆரோ டீச்சரம்மாளக் கூப்புடற மாதிரி இருந்துச்சு."

நான் அவர் கையைப் பிடித்தேன். காப்பிக் கறை ஏறிய, காய்ந்த கை. "மன்னிச்சுக்கம்மா" என்றேன். தமிழில் அந்தச் சொல்லை யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. அது ஏதோ அலுவலகப் படிவத்தில் வரும் சொல் போல ஒலித்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

லைனுக்குப் போகும் வழியை விட்டு அம்மா இடப்பக்கச் சரிவில் இறங்கினார். நாங்களும் பின்னால் போனோம். செடிகளை இரண்டு முறை பிடுங்கிப் புதிதாக நட்டிருந்தார்கள். அடையாளம் என்று ஒன்றுமில்லை. மிளகுக்கொடி ஏறிய ஒரு சில்வர் ஓக் மரத்தின் கீழ் நின்றார். நான் அந்தத் தோட்டத்திலேயே இருபது வருடம் வளர்ந்தவள். அந்த மரத்தைச் சுற்றி விளையாடியிருக்கிறேன். ஒரு நாளும் அவர் சொன்னதில்லை.

"இங்கதான்" என்றார். "ரெண்டு பேரும். உன்ற அப்பன்தான் கொண்டாந்து வெச்சாரு. நான் பறிக்க வாரப்பவெல்லாம் நிப்பேன். நின்னு என்ன பண்றது? கூப்புடறதுக்கு ஒண்ணுமில்ல."

மீனாவை அருகில் இழுத்து, "மறுக்காச் சொல்லு சாமி" என்றார். அவள் சொன்னாள். அம்மா உதட்டுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகி, கையை வாயருகே குவித்து, பொழுது சாயும்போது லைன் பெண்கள் பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிடும் நீட்டலில், சரிவைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"அமா... யாவூ..."

கீழே பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி செடிக்கு மேல் தலையைத் தூக்கினாள். "ஏனுங்கக்கா, ஆரக் கூப்புடறீங்க?"

"எம்புள்ளைங்களத்தான்" என்றார் அம்மா.